பெறப்பட்டது என்று ஒரு முத்திரை

1

என் மகன் பிரபுவின் விடுப்பு விண்ணப்பம் இரண்டு நாள் தாமதமாகப் போனது. அதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் யாரும் அமெரிக்க அலுவலகத்தின் மேல் பழியைப் போட வேண்டாம்.

நானும் என் மனைவி ஈஸ்வரியும் கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சாக்ரமென்டோவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒரு சிறிய ஊர். கோடையில் எங்கள் தெருமுனைச் சாலையில் தக்காளி லாரிகள் வரிசையாகப் போகும். ஈஸ்வரி பாலக்கோட்டுக்காரி. முதல் வருடம் அந்த லாரிகளைப் பார்த்துவிட்டு, "தோலு என்னா இப்படி கெட்டியா இருக்குது, ரசத்துக்கு ஆவாது" என்றாள். இன்றுவரை அவள் கருத்து மாறவில்லை.

போன ஆண்டு எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். அதை ஒட்டி நடந்ததைத்தான் எழுதுகிறேன். விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே குழந்தை பிறந்தால் தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் விடுப்பு உண்டு. எட்டு வாரம். கம்பெனி சம்பளம் தராது. தொழிலாளிகள் சம்பளத்தில் சிறிது பிடித்து மாநில அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. அதிலிருந்து சம்பளத்தில் பெரும் பகுதியைத் தருகிறார்கள். விடுப்பு தொடங்கி நாற்பத்தொரு நாளுக்குள் கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் ஏற்கப்படாவிட்டால், கழிந்த நாட்கள் கழிந்தவைதான்.

இதை ஈஸ்வரியின் தம்பியிடம் போனில் சொன்னேன். அவர் பாலக்கோடு தக்காளி மண்டியில் இருந்தார். பின்னால் ஏலச் சத்தம்.

"ஆம்பளைக்கு எதுக்குங்க மாமா புள்ளப்பேறு லீவு? அவனா பெத்தான்?"

"கொழந்தயப் பாத்துக்கறதுக்கு மாப்ள."

"நாங்க பாத்தா வளந்துச்சுங்க? எனக்கு மூணு புள்ளைங்க. மூணும் பொறக்கறப்ப நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். சேதி வந்துச்சு, லோடு ஏத்திவுட்டுட்டுத்தான் போனேன்."

ஈஸ்வரி போனைப் பிடுங்கினாள். "அதனாலதான்டா ஒம் மூத்தவன் ஒரு வருஷம் ஒன்ன மாமான்னு கூப்ட்டான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. பிரபு பிறந்தது அதே பாலக்கோட்டில், அவள் தாய் வீட்டில். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிஸ்கட் பாக்கெட்டோடு பஸ் ஏறிப் போய், கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். குழந்தையைக் கையில் வாங்கியதாக நினைவில்லை. வாங்கியிருந்தால் ஈஸ்வரி சொல்லிக்காட்டியிருக்க மாட்டாள்.

2

மருமகள் கவிதாவுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். அவள் தன் விடுப்புக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே போனில் விண்ணப்பித்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. பிரபு என்னைக் கேட்டான்.

"அப்பா, நீங்க காலமெல்லாம் லீவு ஃபைல் பார்த்தவரு. என்னோடதையும் நீங்களே பார்த்துக்கங்களேன்."

பத்து நிமிட வேலை அது. அவனே செய்திருக்கலாம். ஆறு ஆண்டுகளாக இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு, செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போவது. அப்பாவுக்கு ஒரு மரியாதையான வேலை கொடுப்போம் என்று நினைத்திருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது, என் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

தர்மபுரி மாவட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கல்வி அலுவலகங்களில் வேலை பார்த்தேன். எம்.ஏ. படித்தவன். உதவியாளராகத் தொடங்கிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். ஆசிரியர்களின் விடுப்பு, ஊதிய உயர்வு, பணிப் பதிவேடு இவைதான் என் மேசை. என் மேசையில் நிலுவையே இருக்காது என்று தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிலுவை இல்லாமல் இருந்ததற்கு ஒரு வழி வைத்திருந்தேன். குறையுள்ள விண்ணப்பத்தை வாங்கவே மாட்டேன். வாங்கி முத்திரை குத்திவிட்டால் தேதி விழுந்துவிடும். அதன்பின் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். முத்திரை விழாதவரை அது வெறும் காகிதம், கொண்டுவந்தவர் பாடு. "முழுசா கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்தால் மேசை சுத்தமாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு விண்ணப்பத்தில் மூன்று குறை இருந்தால் மூன்றையும் சொல்ல மாட்டோம். ஒன்றைச் சொல்வோம். அதைச் சரிசெய்துகொண்டு வந்தால் அடுத்ததைச் சொல்வோம். நான் மட்டுமல்ல, பக்கத்து மேசைக்காரர்களும் அப்படித்தான். புதிதாக வந்தவர்களுக்கு இதைத் தொழில் நுணுக்கமாக நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்தப் புத்தியோடுதான் பிரபுவின் காகிதங்களைக் கையில் எடுத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பச்சைக் கயிற்று டேக் ஒன்று பெட்டியில் இருந்தது. அட்டை போட்டுக் கோப்பு கட்டினேன். குழந்தை பிறந்ததற்கு ஆதாரமாக ஆஸ்பத்திரிச் சீட்டே போதும் என்று படிவத்தின் குறிப்பில் இருந்தது. படித்தேன். நம்பவில்லை. முத்திரை போட்ட பிறப்புச் சான்றிதழ் வரட்டும் என்றேன்.

"அதுக்கு வாரக்கணக்கில் ஆகும்ப்பா. இந்தச் சீட்டே போதும்னுதான் போட்டிருக்கான்."

"போட்டிருப்பான். அப்புறம் திருப்பி அனுப்புவான். திருப்பி வர்ற மாதிரி ஒரு பேப்பர என் கையால வெளிய வுட மாட்டேன்."

"நாள் கணக்கு இருக்கேப்பா."

"நாள் தாண்டினா மன்னிக்கச் சொல்லி ஒரு லெட்டர் வெச்சுக்கலாம். பேப்பர் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கள் அலுவலகங்களில் அது உண்மை. தாமதத்தை மன்னிக்க வழி உண்டு, இணைப்பு இல்லாததை மன்னிக்க வழி இல்லை. பிரபு தலையாட்டிவிட்டுக் குழந்தைக்குத் துணி மாற்றப் போனான்.

அந்த நாட்களில் குழந்தையைத் தூக்கக்கூடியவன் வீட்டில் அவன் ஒருவன்தான். கவிதாவுக்குத் தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈஸ்வரிக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. எனக்கு இரண்டு ஆண்டுகளாகக் கை நடுக்கம். பிரபுதான் குளிப்பாட்டினான், பால் புட்டி கழுவினான், கவிதாவின் புண்ணுக்குக் கட்டு மாற்றினான். நான் ஹாலில் உட்கார்ந்து கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

பிறப்புச் சான்றிதழ் நாற்பத்து மூன்றாம் நாள் தபாலில் வந்தது. முத்திரையைத் தடவிப் பார்த்தேன், மேடாக இருந்தது. துளை போட்டு டேக்கில் கோத்துச் சாப்பாட்டு மேசையில் பிரபுவின் முன்னால் வைத்தேன்.

"இப்ப அனுப்பு. எவனும் ஒரு குறை சொல்ல முடியாது."

சோபாவில் சாய்ந்திருந்த கவிதா எழுந்து உட்கார்ந்தாள். "எத அனுப்பறது? பிரபு, நீ இன்னும் சப்மிட் பண்ணலையா?"

பிரபு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"நாள் தாண்டிடுச்சே பிரபு! நீ அப்பவே முடிச்சிட்டேன்னு நெனச்சிட்டிருக்கேன்."

"சர்ட்டிபிகேட் இப்பத்தாம்மா வந்துச்சு" என்றேன்.

"அது பின்னாடி அனுப்பலாம் மாமா. முன்னாடி போட்டு ஒரு நம்பர் வாங்கணும், அவ்ளோதான்."

"முழுசா இல்லாம எப்படிம்மா வாங்குவாங்க?"

"வாங்கிக்குவாங்க மாமா. வாங்கிக்கிட்டு, என்ன இல்லைன்னு சொல்லுவாங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிரபு கம்ப்யூட்டரை எடுத்து அங்கேயே உட்கார்ந்து போட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு எண் வந்தது, தேதி வந்தது, மணி வந்தது. உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே, தாமதத்துக்குக் காரணம் தேவை, குழந்தை பிறந்ததற்கு ஆதாரம் தேவை என்று இரண்டு வரி. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். வாங்கிக்கொண்டுவிட்டார்கள். குறை இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

காரணம் ஏற்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்று பிரபு கணக்குச் சொன்னான். ஆறு வாரத்துக்குச் சம்பளம் இல்லை. வீட்டுக்கடன் தவணை நிற்கும். மீதி இரண்டு வாரத்தை விட்டுவிட்டு அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட வேண்டும். அப்படிப் போனால் புண்ணோடு இருக்கும் கவிதாவையும் குழந்தையையும் தூக்க முடியாத இரண்டு கிழங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்வரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஊரான் வூட்டுப் பொம்பளைங்க லீவ நிறுத்தினது பத்தாதுன்னு, இப்ப பெத்த புள்ள லீவயும் நிறுத்திட்டீங்களா?"

"அம்மா, வுடும்மா" என்றான் பிரபு.

"நான் என்னாடா தப்பாச் சொல்லிட்டேன்? கோப்பு கட்றாராம் கோப்பு. ஆறு வாரமா கொழந்த அழுவுது, ஒரு நாளு தொட்டில ஆட்டுனாரா?"

நான் டேக்கை அவிழ்த்துக் காகிதங்களைத் தனித்தனியாக எடுத்து வைத்தேன்.

4

ஈஸ்வரி பொதுவாகத்தான் சொன்னாள். என் கண் முன் ஒரு முகம் வந்து நின்றது.

பிரபு பிறந்த ஆண்டு நான் அரூர்ப் பக்கம் மலை அடிவாரத்தில் ஒரு சிறிய கல்வி அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். சித்தேரி மலைக் கிராமம் ஒன்றின் பள்ளியில் ஆரோக்கியமேரி என்று ஓர் ஆசிரியை. வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு நிறையவில்லை. பணி இன்னும் நிரந்தரமாகவில்லை. நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு மலை பஸ்ஸில் இறங்கி வந்து, மகப்பேறு விடுப்பு விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். டாக்டர் சான்று இணைக்கப்படவில்லை.

"டாக்டரு லீவுல போயிட்டாருங்க சார். அடுத்த வாரம் வாங்கிக் குடுத்துடறேன். இத மட்டும் வாங்கி வெச்சுக்கோங்க."

"முழுசா கொண்டாங்க."

"மலையில இருந்து எறங்கி வர்றதுக்கே முடியலைங்க சார்."

"முழுசா கொண்டாங்க டீச்சர்."

நிற்க வைத்தேதான் பேசினேன். எதிரே காலி நாற்காலி கிடந்தது. வேறொரு ஆசிரியை அந்த நிலையில் வந்திருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன். காகிதத்தையும் வாங்கியிருப்பேன், விதிக்கு விலக்கு வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆரோக்கியமேரி எங்கள் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து படித்து வந்தவர். அவருடைய அப்பா என் சித்தப்பா நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த வீட்டுப் பெண் ஆசிரியையாகி, கையில் விண்ணப்பத்தோடு என் முன்னால் வந்து நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் காரணம். விதி காரணம் அல்ல. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் டாக்டர் சான்றோடு வந்தார். தலைமையாசிரியரின் பரிந்துரை இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அது இல்லை என்பது முதல் முறையே எனக்குத் தெரியும். மூன்றாம் முறை அவர் வரவில்லை, அவருடைய கணவர் வந்தார். இரண்டு நாளுக்கு முன் பிரசவம் ஆகிவிட்டது என்றார். எல்லாம் முழுமையாக இருந்தது. முத்திரை குத்தினேன்.

முத்திரையில் விழுந்த தேதிக்கு முன், முடியாமல் அவர் பள்ளிக்குப் போகாதிருந்த நாட்கள் எல்லாம் அனுமதியின்றி வராத நாட்கள் ஆயின. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிற்று. அதைத் தயாரித்ததும் நான்தான். விளக்கம் கொடுக்கக் கைக்குழந்தையோடு வந்தார். குழந்தை அழுதது. வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் கம்பியில் சேலையால் தூளி கட்டிப் போட்டுவிட்டு வந்து, மறுபடி மேசைக்கு எதிரே நின்றார்.

"சார், நான் அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ வந்தேனுங்களே. நீங்கதான பாத்தீங்க. அத ஒரு வரி எழுதிக் குடுங்க சார், போதும்."

"பதிவேட்டுல இல்லையே டீச்சர்."

"பதிவேட்டுல எழுதறது நீங்கதானுங்களே."

வேறொரு கோப்பைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்த் தூளியை அவிழ்த்துக் குழந்தையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவர் பணி நிரந்தரமாவது தள்ளிப் போனது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டினார்கள். வேலை போகவில்லை, அவ்வளவுதான்.

அதே மாதம்தான் பாலக்கோட்டில் பிரபு பிறந்தான். அலுவலகத்துக்குப் போன் வந்தது. எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்துதான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்வீட் எங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

5

தாமதத்துக்கான காரணத்தை நானே எழுதுகிறேன் என்று சொன்னேன். தவறு என்னுடையது அல்லவா. ஒரு பக்கம் எழுதினேன். "மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்பதன் ஆங்கிலத்தில் தொடங்கினேன். பிரபு அதைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவன் பாதியில் நின்றான்.

"அப்பா, பெட்டி நிறைஞ்சிடுச்சு. இதுக்கு மேல எழுத்து போகாது."

"விஷயத்துக்கே இன்னும் வரலையேடா."

கவிதா சோபாவிலிருந்து சிரித்தாள். ஒரு வாரத்தில் அன்றுதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க மாமா, வலிக்குது" என்றாள்.

அனுப்புவதற்கு முன் போனில் கேட்டுவிடலாம் என்று பிரபு அழைத்தான். அரசு அலுவலக எண். இரண்டு நாள் லைனே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை கிடைத்தது. ஸ்பீக்கரில் ஒரே வாத்தியம் திரும்பத் திரும்ப ஒலித்தது. குழந்தை அதைக் கேட்டே தூங்கிவிட்டாள். பிறகு ஒரு பெண் பேசினார். வயதானவர் போல இருந்தது குரல். ஏன் தாமதம் என்று கேட்டார்.

பிரபு என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுடைய ஆங்கிலம் வேறு ஆளுடையது போல இருக்கும்; அதைப் பேசும்போது எனக்கே அவன் கொஞ்சம் அந்நியமாகத் தெரிவான். கவிதாவுக்கு உடம்பு சரியில்லை, அந்தக் கவனத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னான். பாதி உண்மை. என்னை விட்டுவிட்டான்.

நான் போனுக்கு அருகில் போனேன். நான் இவனுடைய அப்பா, இந்தியாவில் அரசு அலுவலகத்தில் விடுப்புக் கோப்புகள் பார்த்தவன், எல்லாக் காகிதமும் சேரும்வரை அனுப்பக் கூடாது என்று தடுத்தவன் நான், இவன் சொன்னான், நான் கேட்கவில்லை என்றேன். என் ஆங்கிலம் இலக்கணமாக இருக்கும், ஆனால் இங்கே யாருக்கும் முதல் தடவை புரியாது. மறுபடி சொன்னேன்.

அந்தப் பெண் தன் தகப்பனாரும் அப்படித்தான் என்றார். நடந்ததை நடந்தபடி இரண்டு வரியில் எழுதுங்கள், முடிவு செய்வது நான் அல்ல, வேறொருவர் என்றார். அதற்கு என்ன ஆதாரம் இணைக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. பிரபு விளக்கினான்.

"ஆதாரம் எதற்கு? அதுதான் சொல்லிவிட்டீர்களே" என்ற பொருளில் ஏதோ சொன்னார். பிறகு, குழந்தையின் தாய் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ மகப்பேறு விடுப்புகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

பிரபு இரண்டு வரி எழுதி, பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினான். "எல்லா ஆவணமும் சேரும்வரை காத்திருக்குமாறு என் தந்தை சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டேன்." முடிவு எப்படி வருமோ என்று, கம்பெனியில் அடுத்த திங்கள் வருவதாகச் சொல்லி வைத்தான். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. காரணம் ஏற்கப்பட்டது. எட்டு வாரமும் உண்டு. பிரபு திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினான். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

6

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இன்னும் அரூரில் இருக்கிறார். அவரிடம் சொல்லி ஆரோக்கியமேரி டீச்சரின் எண்ணை வாங்கினேன். எண் கையில் வந்து பத்து நாள் அழைக்கவில்லை. பத்து நாளும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன்.

எங்களுக்கு மாலை, அவருக்குக் காலை. மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

"யாருங்க?"

பெயரையும் அலுவலகத்தையும் சொன்னேன். மிக்ஸி நின்றது.

"சொல்லுங்க சார்."

சொன்னேன். இரண்டு முறை வந்தது எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன், ஏன் செய்தேன் என்பதும் எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அவர் முன்னால் நான் வைக்கிற ஒரு விண்ணப்பம் ஆகிவிடும். அன்றைக்குக் கேட்ட ஒரு வரியை இப்போது எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"இப்ப எழுதிக் குடுத்து என்னாங்க ஆவப்போவுது? நானே ரிட்டையர் ஆயிட்டேன். எனக்குப் பின்னாடி வந்தவங்க எனக்கு மேல ஆபீசரா வந்து, அவங்களும் ரிட்டையர் ஆயிட்டாங்க."

"ஒண்ணும் ஆவாதுங்க டீச்சர்."

மறுமுனையில் ஒரு பாத்திரத்தை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"தேதி ஞாபகம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"எனக்கு இருக்குது. எழுதிக்கோங்க."

இரண்டு தேதிகளையும் கிழமையோடு சொன்னார். நான் எழுதினேன்.

"மொத நாளு பஸ்ஸுல ஒக்கார எடமில்ல. நின்னுக்கிட்டேதான் எறங்கி வந்தேன். அங்க வந்தும் நின்னேன். நாற்காலி இருந்துச்சு, நீங்க ஒக்காரச் சொல்லல. அதையும் எழுதுவீங்களா சார்?"

"எழுதறேங்க."

"ஏன் சொல்லலன்னும் எழுதுங்க."

"எழுதறேங்க டீச்சர்."

போனை வைக்கப் போகிறார் என்று தோன்றியது. தூளியில் கிடந்த குழந்தை இப்போது எங்கே என்று கேட்டேன்.

"சைக்கிள் கொட்டாயில போட்டு வெச்சிருந்தேனே, அதுங்களா? ஓசூர்ல கம்பெனியில வேல செய்யுது. அதுக்கும் போன வருஷம் ஒண்ணு பொறந்துச்சு. ஆறு மாசம் லீவு. வூட்டுல ஒக்காந்துக்கிட்டே போன்ல அனுப்புச்சு, அன்னிக்கே லீவு சாங்ஷன் வந்துடுச்சு. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டிருந்தேன்." அவர் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மாறியது. "சரிங்க சார். அடுப்புல பாலு இருக்குது."

கை நடுக்கத்தால் கடிதம் எழுத இரண்டு நாள் ஆயிற்று. தட்டச்சு செய்து தருகிறேன் என்றான் பிரபு, வேண்டாம் என்றேன். இரண்டு பக்கம் வந்தது. நாற்காலியை எழுதினேன். காலனியை எழுதினேன். பதிவேட்டை எழுதியது யார் என்று எழுதினேன். எழுதியதை ஈஸ்வரியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அன்று இரவு எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. பிரபு படம் எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினான்.

மறுநாள் பதில் வந்திருந்தது. ஆசிரியை அல்லவா, பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

"கிடைத்தது சார். கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை. போட்டு அனுப்பவும்."

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஆயிரக்கணக்கான காகிதங்களை அந்த ஒரு குறைக்காகத் திருப்பியவன், என் கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறந்திருக்கிறேன். அவர் வாங்கிக்கொண்டுதான் குறையைச் சொல்லியிருக்கிறார்.

பேனாவை எடுத்தேன். முன்தேதி போடுவது எங்கள் அலுவலகங்களில் பழகிய வேலை. அவர் முதல்முதலாக என் மேசைக்கு வந்த நாளின் தேதி இப்போது என்னிடம் இருந்தது. அதைப் போடவில்லை. அன்றைய தேதியைப் போட்டேன். எவ்வளவு தாமதம் என்பது அதிலேயே தெரியும்.

பிரபு ஒரு தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, மறு கையில் போனோடு வந்தான். நான் குழந்தையைக் கேட்டேன். என் கையைப் பார்த்தான், பிறகு என்னை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி மடியில் வைத்தான். குனிந்து கடிதத்தைப் படம் எடுத்தான்.

"இப்ப முழுசா ஆயிடுச்சாப்பா?"

"ஆகல. அனுப்பு."